கப்பலை உடைத்த கையால் கடல் வரலாறு எழுதலாமா?

குஜராத்தின் லோத்தலில் தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகத்தை மத்திய அரசு எழுப்பிவருகிறது. சாகர்மாலா திட்டத்தின் கீழ் சுமார் 400 ஏக்கரில், ஏறத்தாழ ரூ.4,500 கோடி மதிப்பில் அமையும் இந்த வளாகத்தின் அடுத்தடுத்த கட்டங்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 77 மீட்டர் உயரத்தில் கலங்கரைவிளக்க அருங்காட்சியகம், ஹரப்பா காலத்து நகரத்தின் மறு உருவாக்கம், வரிசையாகக் காட்சிக்கூடங்கள், தங்கும் விடுதிகள் என்று பட்டியல் நீள்கிறது. கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் பெரிய காட்சிக்கூடம் ஒன்று உண்டு. அங்கே வைப்பதற்குத் தேர்வானவற்றில் ஐஎன்எஸ் நிஷாங்க் என்ற ஏவுகணைக் கப்பலும் ஒன்று. 2022 ஜூன் மாதம் மும்பை கடற்படைத் தளத்தில் கொடி இறக்கி விடைகொடுக்கப்பட்ட கப்பல் அது. மும்பையில் பணி முடித்த கப்பல், கடல் எப்போதோ விலகிப்போன ஊருக்குக் காட்சிப்பொருளாகப் போகிறது. பழைய கப்பலைக் காப்பாற்ற மனம் வந்திருக்கிறதே என்று மகிழலாம்தான். ஆனால், கப்பல் கட்டிய ஊரை, கப்பல் இறக்கிய ஊரை, கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் வந்து கூடும் ஊரை விட்டுவிட்டு, கடல் வரலாற்றுக்கு ஒரு தலைநகரைப் புதிதாகச் செய்துவிடலாம் என்ற எண்ணத்தை ஏற்க முடியாது. கடல் வேலை நடந்த துறைமுகத்தில், அந்த வேலையைச் செய்தவர்களின் பெயரோடு, அவர்கள் புழங்கிய பொருள்களோடு நிற்பதே கடல்சார் அருங்காட்சியகம். அந்த உரிமை இந்தியாவில் வேறு எந்த ஊரையும்விட மும்பைக்கு அதிகம். அதை மும்பையிடமிருந்து பறித்தது பணத் தட்டுப்பாடு அல்ல, அக்கறையின்மை.

லோத்தலின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. 1954இல் எஸ்.ஆர்.ராவ் அதைக் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் சுமார் 220 மீட்டர் நீளமுள்ள செங்கல் தொட்டி வெளிப்பட்டது. அது கப்பல்துறையா, பாசனக் குளமா என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டார்கள். அந்தப் பகுதியின் பழைய ஆற்றுத்தடங்களை ஆராய்ந்த காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட முடிவு, கப்பல்துறை என்ற கருத்துக்கு வலுசேர்த்தது. நல்லது. அங்கே கிடைத்த முத்திரைகளையும் மணிகளையும் எடைக்கற்களையும் அதே இடத்தில் காட்சிக்கு வைப்பதே முறை. இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் 1976 முதல் அதைச் செய்தும் வருகிறது. அதை நவீனமாக்குங்கள், விரிவாக்குங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் சோழரின் கடற்படையெடுப்பு, கொங்கணக் கடலில் கான்ஹோஜி ஆங்கரே நடத்திய போர்கள், பம்பாய்த் துறைமுகத்தின் எழுச்சி, 1971 போர் ஆகிய எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய் ஒரே வளாகத்துக்குள் அடுக்கினால் அது அருங்காட்சியகம் என்ற நிலையிலிருந்து கிடங்கு என்ற நிலைக்கு இறங்கிவிடும். வரலாற்றுக்கு இடம் முக்கியம். கீழடியில் கிடைத்ததைக் கீழடியில் வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு போராடியதும் 2023இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்ததும் இந்த நியாயத்தின் அடிப்படையில்தான். கீழடிக்கு ஒரு நியாயம், மும்பைக்கு வேறு நியாயம் இருக்க முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஐஎன்எஸ் விக்ராந்த், இந்தியாவின் முதல் விமானம்தாங்கிக் கப்பல். 1961 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் பம்பாய் வந்தது. 1971 போரில் அதன் தளத்திலிருந்து எழுந்த விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கி, கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை அடைத்தன. 1997 ஜனவரி 31இல் ஓய்வுபெற்ற அந்தக் கப்பல், சில ஆண்டுகள் மிதக்கும் அருங்காட்சியகமாக மும்பைக் கடலில் நின்றது. பாதுகாப்பில்லை என்று 2012இல் மூடினார்கள். 2014இல் ஏலம் விட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கும் தோற்றது. கிடைத்த விலை ரூ.60 கோடி. அந்த ஆண்டு நவம்பரில் மும்பையின் தாருக்கானாவிலேயே கேஸ் கட்டர் வைத்து வெட்டத் தொடங்கினார்கள். அடுத்தது ஐஎன்எஸ் விராட். ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் தலைமைக் கப்பலாக இருந்து, 1987இல் இந்தியாவுக்கு வந்து, 2017 மார்ச் 6இல் ஓய்வுபெற்றது. சிந்துதுர்க் கடலில் அதை அருங்காட்சியகமாக்க ரூ.852 கோடியில் திட்டம் என்று 2018 நவம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், 2020 செப்டம்பரில், அந்தக் கப்பல் மும்பையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு ஆலங் கப்பல் உடைப்புக் கரையில் ஏற்றப்பட்டது. விலை ரூ.38.54 கோடி. இரண்டையும் கூட்டினால் ரூ.98.54 கோடி. இந்தியக் கடற்படையின் அரை நூற்றாண்டுக் கதையைச் சுமந்த இரண்டு விமானம்தாங்கிக் கப்பல்களை நூறு கோடிக்கும் குறைவாக எடைக்கு எடை இரும்பாக விற்றுவிட்டு, அதைப்போல் நாற்பத்தைந்து மடங்கு பணத்தில் கடல் பெருமைக்குக் கட்டடம் எழுப்புகிறோம். இந்த 98.54 என்ற எண்ணை லோத்தல் வளாகத்தின் வாசலில் எழுதிவைக்க வேண்டும்.

விற்ற விலையையும் கட்டும் செலவையும் ஒப்பிடுவது சரியா, கப்பலைப் பராமரிக்க ஆகும் செலவை அல்லவா கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். விராட்டுக்கு மகாராஷ்டிர அரசே போட்ட மதிப்பீடு ரூ.852 கோடி. விமானம்தாங்கிக் கப்பலை நிறுத்தி, பழுதுபார்த்து, சுற்றிலும் வசதி செய்து, மக்கள் ஏறிப் பார்க்கும்படி ஆக்குவதற்கான முழுச் செலவு அது. லோத்தல் வளாகத்துக்கு ஆகும் தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது லோத்தலின் பணத்தில் விக்ராந்தையும் விராட்டையும் இரண்டையுமே காப்பாற்றி, மிச்சத்தில் மும்பைத் துறைமுகக் கரையில் முதல்தரமான அருங்காட்சியகத்தையும் கட்டியிருக்கலாம். காலம் வேறு, கணக்குத் தலைப்பு வேறு, மாநில அரசு வேறு, மத்திய அரசு வேறு என்பதெல்லாம் கோப்பு எழுதுகிறவர்களின் சமாதானம். பணம் ஒரே மக்களுடைய பணம். கடலும் ஒரே கடல்.

கப்பலைக் காப்பாற்றுவது பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று சொல்பவர்களுக்கு ஒரே ஒரு கப்பலின் கதை போதும். இந்திய நகரங்களின் திட்ட வகுப்பாளர்கள் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நெப்போலியனுடன் நடந்த போர்களில் பிரிட்டனின் ஓக் மரக் காடுகள் தீர்ந்துபோயின. பம்பாயில் தேக்கில் கப்பல் கட்டச் சொன்னது பிரிட்டிஷ் கடற்படை. சூரத்திலிருந்து 1730களில் பம்பாய்க்கு வந்த வாடியா என்ற பார்சிக் குடும்பம் அப்போதே தலைமுறைகளாகக் கப்பல் கட்டிவந்தது. பம்பாயின் உலர்துறை 1750 முதல் இயங்கிக்கொண்டிருந்தது. புதிதாகக் கட்ட வேண்டிய போர்க்கப்பல் ஒன்றின் வரைபடங்களை ‘ஜாவா’ என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் அதை மடக்கிப் பிடித்தது. வரைபடங்கள் போயின. மறுபடியும் வரைந்து அனுப்பினார்கள். ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் 1816இல் அடிக்கட்டை வைத்தார்கள். பார்சி வழக்கப்படி, எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அந்த அடிக்கட்டையில் அறைந்தார்கள். மலபார்க் காட்டுத் தேக்கில் உருவான அந்தக் கப்பல் 1817 அக்டோபர் 12இல் பம்பாய்க் கடலில் இறங்கியது. பெயர் ‘டிரிங்கோமலி’, அதாவது திருகோணமலை. 1782இல் அந்தத் தமிழ்த் துறைமுகத்துக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர்.

அந்தக் கப்பல் இன்று எங்கே இருக்கிறது? இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்ல்பூல் என்ற சிறு துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்றும் நீரில் மிதப்பவற்றுள் மிகப் பழமையானது அதுதான். ஹார்ட்ல்பூல் நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடாது. அங்கே கப்பல் கட்டும் தொழில் படுத்து, வேலையில்லாமல் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1987இல், சிதைந்து கிடந்த ‘டிரிங்கோமலி’யைக் கொண்டுவந்து பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். பத்தாண்டுக்கு மேல் நடந்த வேலை 2001இல் முடிந்தது. ஆன செலவு சுமார் 1 கோடியே 5 லட்சம் பவுண்டு. உடம்பின் பெரும்பகுதி இன்றும் பம்பாயில் அறுத்துப் பொருத்திய தேக்குதான். கடல்நீர் இருநூறு ஆண்டு அரித்தும் அது உளுத்துப்போகவில்லை. இன்று அந்தக் கப்பலைச் சுற்றி ஓர் அருங்காட்சியகம், கடைவீதி, சுற்றுலா எல்லாம் வளர்ந்து, அந்த ஊரின் முகமாகவே அது ஆகிவிட்டது. இதே வாடியாக்கள் பம்பாயில் கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ கப்பலின் மேல்தளத்தில்தான் 1842இல் சீனா ஹாங்காங்கை விட்டுக்கொடுத்த நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தானது. உலக வரலாற்றைத் திருப்பிய கப்பல்களை உருவாக்கிய அந்த உலர்துறையைப் பற்றி, கடற்படைத் தளத்தின் மதிலுக்கு வெளியே நடந்துபோகும் மும்பைவாசிக்கு ஒரு வரிகூடத் தெரியாது. பம்பாய்த் தேக்கைப் பார்க்க வேண்டுமானால் ஹார்ட்ல்பூலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். இந்த நிலைமைக்கு வெட்கப்படாத அரசுக்குக் கடல் பாரம்பரியம் பற்றிப் பேசும் தகுதி கிடையாது.

உடைத்தது கப்பல்களை மட்டுமல்ல. மும்பைத் துறைமுகத்தின் உடம்பையே அழித்திருக்கிறார்கள். துறைமுகப் பொறுப்புக் கழகம் 1873இல் உருவானது. பிரின்சஸ் டாக் 1880இலும் விக்டோரியா டாக் 1888இலும் அலெக்சாண்ட்ரா டாக் 1914இலும் வந்தன. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பல், பஞ்சுப் பொதியும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஏற்றிய நிலையில் தீப்பிடித்து வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் திரும்பவில்லை. அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்புச் சேவை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த விக்டோரியா டாக்கையும் பிரின்சஸ் டாக்கையும் கன்டெய்னர் முனையத்துக்கு இடம் வேண்டும் என்று மண் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். அந்த முனையத் திட்டமோ நினைத்தபடி நிறைவேறவே இல்லை. நாட்டுக்கே ஒரு நினைவு நாளைத் தந்த இடம் தூர்ந்துபோய்க் கிடக்கிறது. வேறு எந்த நாட்டிலும் இது குற்றமாகக் கருதப்பட்டிருக்கும்.

மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்திய மாலுமிகள் இல்லம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அதற்குள் முதல் உலகப் போரில் உயிரிழந்த, கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடலோடிகளின் பெயர்கள் நினைவுச்சின்னமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் இறந்த ஏறத்தாழ 6,500 பேரின் பெயர்கள் ஒரு பெரிய பதிவேட்டில் உள்ளன. அதன் இரட்டைப் பிரதி சிட்டகாங்கில் இருக்கிறது. பிரிட்டிஷ் கப்பல்களின் கொதிகலன் அறையில் நிலக்கரி வாரிப் போட்டவர்கள், சமையல்காரர்கள், எண்ணெய் போடுகிறவர்கள், மேல்தளத்தில் கயிறு இழுத்தவர்கள் இவர்கள். கொங்கணம், மலபார், சில்ஹெட், சிட்டகாங் என்று பல கரைகளிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பேருந்து பேருந்தாக அழைத்துப்போய்க் காட்ட வேண்டிய இடம் இது. ஆனால் மும்பை சுற்றுலாப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆயிரக்கணக்கான உண்மையான பெயர்களை இருட்டு அறையில் வைத்துக்கொண்டு, லோத்தலில் கற்பனை நகரம் கட்டுவதில் என்ன நியாயம்?

இதில் தமிழர்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நிறைய வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பம்பாய்க்கு வந்தவர்கள் தாராவியில் தோல் பதனிட்டார்கள். மாட்டுங்காவில் குடியேறியவர்கள் ரயில்வே அலுவலகங்களிலும் வணிக அலுவலகங்களிலும் கணக்கெழுதினார்கள். கப்பல்துறையில் மூட்டை சுமந்தவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். ஆனால் பம்பாய்க் கப்பல்துறைத் தமிழன் என்றதும் இந்த நாட்டுக்கு யார் ஞாபகம் வருகிறது? ஹாஜி மஸ்தான். பனைக்குளத்திலிருந்து வந்து 1940களில் துறைமுகக் கூலியாகத் தொடங்கியவர். அடுத்தபடி வரதராஜ முதலியார். அவரை மனதில் வைத்து எடுத்த ‘நாயகன்’ 1987இல் வந்தது முதல், கடத்தல்காரனின் வாழ்க்கையே பம்பாய்த் தமிழரின் கடல் வரலாறு என்று ஆகிவிட்டது. இரண்டு பேர் செய்த கடத்தலுக்குக் கிடைத்த நினைவு, கொக்கியால் பொதியைக் குத்தி இழுத்து முதுகில் ஏற்றி ஒரு வாழ்நாள் முழுக்க உழைத்த ஆயிரம் பேருக்குக் கிடைக்கவில்லை. அன்றாடம் காலையில் வாசலில் நின்று, மேஸ்திரி கை காட்டினால் வேலை, இல்லாவிட்டால் பட்டினி என்றிருந்த நிலையை மாற்றியது 1948ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம். அந்தத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் கட்டிப் போராடிய பி.டி’மெல்லோவின் பெயர் துறைமுகத்தை ஒட்டிய சாலைக்கு இருக்கிறது. அந்தச் சாலையில் போகிறவர்களில் அவர் யார் என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்? அருங்காட்சியகம் இல்லாத இடத்தைச் சினிமா பிடித்துக்கொள்கிறது.

துறைமுகம் கிழக்குக் கரையோடு நிற்கவில்லை. 1989இல் நாவா ஷேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் திறந்தது. சரக்கு கன்டெய்னருக்கு மாறியது. கொக்கியும் முதுகும் தேவையற்றுப்போயின. அந்தத் துறைமுகத்துக்காக இடம்பெயர்க்கப்பட்ட ஷேவா கோளிவாடா மீனவர்கள், ஹனுமான் கோளிவாடாவில் குடியேற்றப்பட்டு, முறையான மறுவாழ்வு கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். விரிகுடாவுக்கு இந்தப் பக்கம், அதே மும்பை வட்டாரத்தில், நெருள். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நகர்ந்துவந்த தமிழ்க் குடும்பங்கள் இன்று இங்கே நிறையவே இருக்கின்றன. இதே நெருளின் கராவேயில்தான் டி.எஸ். சாணக்கியா என்ற கடல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1927இல் மசகாவ் அருகே நங்கூரமிட்டுத் தொடங்கிய ‘டஃப்ரின்’ பயிற்சிக் கப்பல், 1972இல் ‘ராஜேந்திரா’ ஆகி, 1993இல் கரையேறி ‘சாணக்கியா’ ஆனது. இந்திய வணிகக் கப்பல்களின் அதிகாரிகளை உருவாக்கிய மரபு அது. அரசுக் கணக்கில் இந்தியக் கடலோடிகள் சுமார் 3 லட்சம் பேர். கப்பலில் வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகங்கள் பேலாப்பூரில் வரிசையாக நிற்கின்றன. தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் சான்றிதழ்க் கோப்போடு வரும் இளைஞன் இங்கேதான் அலைகிறான். கராவே, சார்சோளே, திவாளே கோளி மீனவர்களின் படகுகள் இன்றும் ஓடையில் நிற்கின்றன. உயிரோடு இயங்கும் கடல் உலகம் இது. இதற்கு நடுவில் சிட்கோ என்ற நகர வளர்ச்சி நிறுவனம் ரூ.111 கோடியில் கட்டிய நெருள் படகுத்துறை, வழக்கமான போக்குவரத்து இல்லாமல் நீண்ட காலம் கிடந்தது. கடல் வரலாற்றைச் சொல்ல மும்பை வட்டாரத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்தப் படகுத்துறையைக் காட்டலாம். அங்கிருந்து படகேறி, மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையில் இறங்கி, துறைமுகக் கரையில் அருங்காட்சியகத்தைப் பார்த்துத் திரும்பும் வழி கண்ணெதிரே இருக்கிறது. அதற்காக ஒரு சதுப்புநிலத்தையும் தொட வேண்டாம், பூநாரைகளின் ஓர் ஏரியையும் அடைக்க வேண்டாம்.

மும்பையில் ஏற்கெனவே கடல் வரலாற்றுக்கு இடம் உண்டு என்பது ஒரு மறுப்பு. சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரஹாலயாவில் கடல்சார் காட்சிக்கூடம் இருக்கிறது. பாலார்டு பந்தரின் பழைய வாயிற்கட்டடத்தைக் கடற்படை செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் ஒரு கூடமும் ஒரு வாயிற்கட்டடமும் இரண்டரை நூற்றாண்டுத் துறைமுகத்தைத் தாங்காது. இந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் பிரச்சினையைப் புரிந்துகொள்ளவில்லை. குடிசையிலும் நெரிசலிலும் தவிக்கும் நகரத்துக்கு அருங்காட்சியகம் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. அரபிக்கடலில் சிலை நிறுத்த ஆயிரக்கணக்கான கோடியில் திட்டம் போட்டபோது இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது? மூன்றாவது மறுப்பு, ஐஎன்எஸ் குல்தார். 2024 ஜனவரியில் ஓய்வுபெற்ற அந்தத் தரையிறங்கு கப்பலைச் சிந்துதுர்க் அருகே நிவதிப் பாறைப் பக்கம் மூழ்கடித்து, நீருக்கடியில் அருங்காட்சியகமும் செயற்கைப் பவளத்திட்டும் அமைக்கத் திட்டம். அதற்கு மத்திய அரசு ரூ.46.91 கோடி ஒதுக்கியது. கப்பலைக் காப்பாற்றத்தானே செய்கிறோம் என்கிறார்கள். மூழ்குநீச்சல் தெரிந்தவர்களும் நீர்மூழ்கிப் படகுக்குக் கட்டணம் செலுத்தக்கூடியவர்களும் பார்க்கும் கப்பல், சுற்றுலாப் பொருள். தாராவிப் பள்ளிப் பிள்ளையும் கல்யாணிலிருந்து வரும் பாட்டியும் ஏறி, இரும்பைத் தொட்டுப் பார்க்கும் கப்பலே வரலாறு.

இந்தியாவில் இது நடக்காத காரியமா? விசாகப்பட்டினத்தைப் பாருங்கள். சோவியத் நாட்டில் கட்டிய ஐஎன்எஸ் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் 2001 பிப்ரவரியில் ஓய்வுபெற்றது. அடுத்த ஆண்டே அதை ராமகிருஷ்ணா கடற்கரைக்கு இழுத்துவந்து, கரையேற்றி, மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் டார்பிடோ அறை, ஆள் புரளக்கூட இடமில்லாத படுக்கைகள், குனிந்து தாண்ட வேண்டிய வட்டக் கதவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வழிகாட்டிகளாக ஓய்வுபெற்ற கடற்படையினரே நிற்கிறார்கள். இருபது ஆண்டுக்கு மேல் கூட்டம் குறையவில்லை. எதிரிலேயே 2017இல் டியு-142 கண்காணிப்பு விமானத்தையும் வைத்துவிட்டார்கள். ஒரு நகரம் மனம்வைத்தால், ஒரு மாநிலம் துணைநின்றால், கடற்படை ஒத்துழைத்தால் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விமானம்தாங்கிக் கப்பல் நீர்மூழ்கியைவிடப் பல மடங்கு பெரிது என்று சொல்வார்கள். மும்பையின் வரிவசூலும் விசாகப்பட்டினத்தைவிடப் பல மடங்கு பெரிது.

தமிழ்நாடும் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. ஐஎன்எஸ் வாக்லி நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கும் திட்டம் கடைசியில் கைகூடவில்லை. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கி, கப்பல் தேடிப் பம்பாய்க்குத்தான் வந்தார். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அவர் சிறையில் இருந்தபோதே, 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. இன்று கப்பலோட்டிய தமிழனுக்குச் சிலைகள் இருக்கின்றன, அவர் ஓட்டிய கப்பலின் பலகை ஒன்றுகூட இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. நம் பாடப்புத்தகங்களில் அதற்கு எத்தனை வரி? 2025-26 நிதிநிலை அறிக்கையில் ராமநாதபுரத்தில் ரூ.21 கோடியில் நாவாய் அருங்காட்சியகம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் அது திரையில் ஓடும் படங்களோடு முடிந்துவிடக் கூடாது. தூத்துக்குடித் தோணிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கட்டத் தெரிந்த கைகளும் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. முழுத் தோணி ஒன்றை அருங்காட்சியகத்தின் நடுவில் நிறுத்துங்கள். அதைக் கட்டிய மேஸ்திரியின் பெயரை முதலில் எழுதுங்கள், திறந்துவைத்த அமைச்சரின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

மும்பைத் துறைமுக ஆணையத்தின் கையில் சுமார் 1,800 ஏக்கர் நிலம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையை மறுவளர்ச்சி செய்யும் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் பேசப்படுகின்றன. பாலார்டு பியரில் உல்லாசக் கப்பல்களுக்கான சர்வதேச முனையம் 2025 செப்டம்பரில் திறந்தாகிவிட்டது. உலகமெங்கிருந்தும் வரும் பயணி அங்கே கரையிறங்குகிறான். 1919 ஏப்ரல் 5இல் இந்தியர்களுக்குச் சொந்தமான ‘லாயல்டி’ கப்பல் லண்டனுக்குப் புறப்பட்டது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். 1946 பிப்ரவரி 18இல் ‘தல்வார்’ கடற்படைத் தளத்து மாலுமிகள் தொடங்கிய கிளர்ச்சி பிரிட்டிஷ் ஆட்சியை உலுக்கியதும் இங்கேதான். அந்த 1,800 ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு, 18 ஏக்கர், அருங்காட்சியகத்துக்குப் போதும். வாடியாக்களின் உலர்துறை, மாலுமிகள் இல்லத்துப் பெயர்கள், கப்பல்துறைத் தொழிலாளியின் கொக்கி, கோளிகளின் படகு, இனி ஓய்வுபெறப்போகும் கப்பல்களில் ஒன்று ஆகிய அனைத்தும் அங்கே சேர வேண்டும். விளக்கப் பலகைகள் மராத்தி, இந்தி, ஆங்கிலத்தோடு நிற்காமல், இந்தக் கரையில் உழைத்தவர்கள் பேசிய தமிழிலும் தெலுங்கிலும் கொங்கணியிலும் இருக்க வேண்டும்.

இதற்கு வேண்டுகோள் விட்டுக்கொண்டிருந்த காலம் முடிந்தது. ஓய்வுபெறும் எந்தக் கடற்படைக் கப்பலையும், அதன் வரலாற்று மதிப்பை ஒரு தனிக் குழு ஆராய்ந்து மக்கள் முன் வைப்பதற்கு முன்னால் ஏலம் விடக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அதுவரை ஒரு கப்பலும் உடைப்புக் கரைக்குப் போகக் கூடாது. 18 ஏக்கரைத் தனியே எழுதிவைக்கும் வரை துறைமுக நிலத்தில் ஓர் அடுக்குமாடிக்கும் அனுமதி தரக் கூடாது. மும்பைத் தமிழ் அமைப்புகள் ஆண்டு விழாக்களோடு நின்றுவிடாமல், கோளி அமைப்புகளோடும் கப்பல்துறைச் சங்கங்களோடும் கைகோத்து இதைத் தேர்தல் கேள்வியாக்க வேண்டும். வாக்கு கேட்டு நெருளுக்கும் தாராவிக்கும் வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதைக் கேட்க வேண்டும். கடலோரத்தின் வரலாற்றை மறந்தவன் கடலோரத்தின் நிலத்தையும் விற்றுவிடுவான். இரண்டும் ஒரே கையெழுத்தில் நடப்பதை மும்பை பார்த்துக்கொண்டிருக்கிறது. விக்ராந்தை உடைத்த ஊரில் கடலோடிகளுக்கு ஓர் அருங்காட்சியகம் எழும் வரை, இந்தியாவைக் கடல்சார் வல்லரசு என்று அழைத்துக்கொள்ளும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது.